வேலூர் வெயிலில் வீட்டுத் தோட்டம்: மாசி முதல் ஆனி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரைப் பற்றிக் கேலியாகச் சொல்லப்படும் பழைய பட்டியலில் தண்ணீரில்லாத ஆறும் மரமில்லாத மலையும் தவறாமல் இடம்பெறும். வீட்டில் நாலு செடி வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் கேலி அல்ல, அன்றாடக் கணக்கு. பாலாறு மணலாகக் கிடக்கும் மாதங்களில் நம்மில் பெரும்பாலோர் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரையே நம்பியிருக்கிறோம். ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகளோ பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டே இருக்கின்றன. சென்னைக்குப் பிற்பகலில் ஆறுதல் தரும் கடற்காற்று, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் நமக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பல நாட்கள் வருவதும் இல்லை.

மே 4ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்குவதற்கு முன்பே வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. ஆனால் காட்பாடியில் மாடியிலும் கொல்லையிலும் பல கோடைகள் செடி வளர்த்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. செடிகள் வெயிலால் சாவதைவிட ஏற்ற இறக்கத்தால் சாவதே அதிகம். பத்து நாள் காய்ச்சல், பிறகு ஒரே மாலையில் தென்மேற்கே ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் கருத்துத் திரண்டு வரும் இடிமழை, புழுதிக் காற்று, சில வருடங்களில் ஆலங்கட்டி, மறுநாள் மீண்டும் கொளுத்தும் வெயில் என்ற இந்தத் தாவலைத்தான் வேர் தாங்குவதில்லை. ஆகவே கீழே சொல்லப்படும் வேலைகள் எல்லாம் வேரைச் சுற்றியுள்ள ஈரத்தையும் சூட்டையும் முடிந்தவரை ஒரே சீராக வைத்திருப்பதற்காகவே செய்யப்படுபவை.

முதற்படி: வெயில் எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள்

மார்கழியில் நிழலாக இருந்த இடம் சித்திரையிலும் நிழலாக இருக்கும் என்று எண்ணிச் செடியை வைப்பது நம்மில் பலர் செய்யும் பிழை. வேலூர் ஏறத்தாழ 12.9 டிகிரி வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, மே, ஜூன் மாதங்களில் உச்சிக்கும் வடக்கே நகர்ந்துவிடுகிறது. குளிர்காலத்தில் வீட்டின் வடக்குச் சுவரோரம் குளிர்ச்சியாக இருந்த தொட்டிகள் அப்போது நேர்வெயிலில் நிற்கும். தெற்குச் சுவரோரம்தான் நடுப்பகலில் சற்று நிழல் கிடைக்கும். எனவே மாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி, பகல் 12 மணி, மாலை 4 மணி ஆகிய மூன்று வேளைகளில் மாடியிலும் கொல்லையிலும் நிழல் விழும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வையுங்கள். அடுத்த இரண்டு மாதங்களில் நண்பகல் நிழல் இன்னும் குறுகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கு வெயில்தான் கொடியது. காலை வெயில் எவ்வளவு அடித்தாலும் இரவின் ஈரம் மண்ணில் மிச்சமிருக்கும். பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை அடிக்கும் வெயிலோ, சூடேறிய தரையோடும் சுவரோடும் சேர்ந்து செடியை மூன்று பக்கமும் வாட்டும். மேற்கு நோக்கிய கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டிகளை வரிசையாக வைப்பது பார்க்க அழகு, செடிக்குத் தண்டனை. தொட்டிகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல், இரண்டு செங்கற்களின் மேலோ பழைய மரப்பலகையின் மேலோ தூக்கி வைத்து, சிறியவற்றைப் பெரியவற்றின் நிழலில் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியும் கறுப்புப் பையும் சூட்டை வாங்கி வேரை அவித்துவிடும் என்பதால், அவற்றைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டலாம், அல்லது வெளிப்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம்.

இரண்டாம் படி: உங்கள் தண்ணீரை அறிந்துகொள்ளுங்கள்

பொதுவான தோட்டக் குறிப்புகளில் இந்தப் படி பெரும்பாலும் இருப்பதில்லை. வடாற்காட்டுக்காரர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. நம் பகுதியில் பல கிணறுகளின் நீர் இயல்பிலேயே கடினமானது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலின் கழிவு நிலத்தடி நீரில் கலந்ததும், அதற்காக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதும் எல்லோரும் அறிந்தவை. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க உப்பின் அடர்த்தி கூடும். அதே நேரத்தில் தொட்டியில் ஊற்றும் நீர் வேகமாக ஆவியாகி, உப்பை மட்டும் மண்ணில் விட்டுச் செல்லும். தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவும் இலை நுனியில் கருகலும் தெரிந்தால், அது பெரும்பாலும் உப்பின் வேலை. வெயிலால் வந்தது என்று நினைத்து மேலும் மேலும் அதே நீரை ஊற்றுவது நோயையே மருந்தாகக் கொடுப்பது போலாகும்.

நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும், குடிநீர் பார்க்கும் டிடிஎஸ் மானியே இதற்குப் போதும். லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கவலை இல்லை. அதற்கு மேல் 2000 வரை கவனத்தோடு பயன்படுத்தலாம். 2000ஐத் தாண்டிய நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாமல் இருப்பதே நல்லது. துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் கொடுத்துப் பார்க்கலாம். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

உப்பு நீர்தான் கதி என்றால் இரண்டு பழக்கங்கள் உதவும். முதலாவது, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, கிடைக்கும் நல்ல நீரை, அது குழாயில் வரும் காவிரிக் குடிநீரின் மிச்சமானாலும் சேமித்த மழைநீரானாலும், தொட்டியின் அடித்துளை வழியே தாராளமாக வடியும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுவது. இரண்டாவது, அறையைக் குளிரூட்டும் ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்து வைப்பது. அதில் உப்பே கிடையாது என்பதால் நாற்றுகளுக்கும் கறிவேப்பிலைக்கும் அதை ஒதுக்கலாம். அரிசி கழுவிய நீர் எந்தச் செடிக்கும் ஆகும். பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு விடுவது சிக்கனம் போலத் தோன்றும், ஆனால் அதில் இருப்பது வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்த நீர். அது வாசல் கழுவத்தான் ஆகும்.

மூன்றாம் படி: மண்ணும் மூடாக்கும்

நம் செம்மண் நீரை வேகமாகக் குடித்து வேகமாக விட்டுவிடும். காய்ந்தால் மேலே ஓடு கட்டும். தொட்டிக்குச் செம்மண், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், தென்னை நார்க் கழிவு ஆகிய மூன்றையும் சம பங்கில் கலப்பது போதுமானது. நார்க் கழிவைக் கட்டியாக வாங்கினால், ஊற வைத்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். அதிலும் உப்பு இருக்கும். இந்தக் கலவை வேலையை மாசியிலேயே முடித்துவிடுங்கள். கத்திரி நாட்களில் தொட்டி மாற்றுவது, வேரைக் கலைப்பது, கிளையைக் கடுமையாக வெட்டுவது எதுவும் வேண்டாம்.

மண் காயாமல் இருக்க மேலே பரப்பும் மூடாக்குக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. வேர்க்கடலை உடைக்கும் மில்களில் தோல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கரும்புச் சோகை, காய்ந்த வேப்பிலை, தென்னை மட்டைத் தூள் எல்லாமே ஆகும். 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட வேண்டும். தண்டோடு ஒட்டிக் கிடக்கும் மூடாக்கு, கோடை மழை பெய்தவுடன் தண்டை அழுகச் செய்யும். செம்மண் தரையில் காய்ந்த மூடாக்கைப் போட்டால் கறையான் தேடி வரும் என்பதையும் முன்கூட்டியே நினைவில் கொண்டு, அதன் அடியில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூவி வையுங்கள். வாரம் ஒருமுறை மூடாக்கை விரலால் தூக்கிப் பார்ப்பது நல்லது.

நான்காம் படி: நிழல்வலை

கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீத நிழல்வலையும், காய்க்கும் செடிகளுக்கு 35 சதவீத வலையும் போதும். கடைக்காரர் 75 சதவீதம்தான் குளிர்ச்சி என்று சொன்னதைக் கேட்டு நான் ஒருமுறை வாங்கிக் கட்டினேன். வெண்டை வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்ததே தவிரக் காய்க்கவில்லை. நான்கு மூலையையும் இரும்புக் கம்பியால் முறுக்கி இறுகக் கட்டியிருந்த அந்த வலை, வைகாசியில் வந்த ஒரு மாலைக் காற்றில் பாய்மரம் போல உப்பி, இரண்டு கழிகளைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடியில் போய் விழுந்தது. யாருக்கும் அடிபடாதது நல்வாய்ப்பு.

அன்றிலிருந்து வலையை ஆளுயரத்துக்குச் சற்று மேலே, மேற்குப் பக்கம் தாழ்வாகச் சாய்த்து, இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சில் நைலான் கயிற்றால்தான் கட்டுகிறேன். வானம் கருக்கும்போது இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துச் சுருட்ட முடிய வேண்டும் என்பதே அளவுகோல். வலை வாங்க மனமில்லாதவர்கள் தென்னங்கீற்றை இடைவெளி விட்டுப் பரப்பலாம். கொல்லை உள்ளவர்களுக்கு முருங்கை மரமே சிறந்த நிழல்வலை. அதன் பொடி இலை வழியே வடிந்து விழும் வெயில் கீரைப் பாத்திக்கு மிகச் சரியாக இருக்கும்.

ஐந்தாம் படி: நீர் விடுதல்

இதில்தான் தோட்டம் தேறுவதும் தோற்பதும். கத்திரியில் முழுவதும் இலை மூடிய ஒரு சதுர மீட்டர் பாத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் நீரை இழக்கும். மூடாக்கும் நிழலும் இருந்தால் தேவை இதைவிடக் குறையும். இந்தக் கணக்கைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, இறுதி முடிவை விரலிடம் விடுங்கள். ஆட்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் அன்று அந்தச் செடிக்கு நீர் வேண்டாம். மணி அடித்தாற்போல் தினமும் எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு ஊற்றுவது வேர் அழுகலைக் கூப்பிடுவதாகும்.

காலை 7 மணிக்குள் நீர் விடுவது நல்லது. சிறிய தொட்டிகளுக்கு மட்டும் சூரியன் இறங்கிய பிறகு இரண்டாம் முறை தேவைப்படலாம். நடுப்பகலில் பூசணி, பாகல் போன்ற அகன்ற இலைச் செடிகள் துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடும்போது, ஈரமான மண்ணில் நிற்கும் செடிகூடத் துவளும். மாலையில் தானே நிமிர்ந்துகொள்ளும். மறுநாள் விடியற்காலையிலும் துவண்டு நின்றால்தான் அது உண்மையான தாகம் அல்லது வேர் நோய். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் பிற்பகலில் கையைச் சுடும் சூட்டில் இருக்கும் என்பதால், குழாயைத் திறந்தவுடன் செடியில் பிடிக்காமல், முதலில் வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

கொல்லையில் கொடி வைத்திருப்பவர்களுக்குப் பானைப் பாசனத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். மெருகு பூசாத, 5 முதல் 8 லிட்டர் கொள்ளும் மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, அதைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மூன்று நான்கு விதைகளை ஊன்றி, பானையை நிரப்பி மூடி போட்டு வைத்தால், மண் காயக் காய நீர் தானே கசிந்து வேருக்குப் போகும். மண் ஈரமாக இருந்தால் கசிவும் குறைந்துவிடும். ஏற்ற இறக்கத்தைத் தடுக்க இதைவிட எளிய கருவி கிடையாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும் என்பதால், பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஒரே குறை, நம் கடின நீரில் பானையின் நுண்துளைகள் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். கசிவு நின்றுவிட்டதாகத் தெரிந்தால் பானையை மாற்றிவிட வேண்டியதுதான். சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. வாரம் ஒருமுறை ஒவ்வொரு துளையும் சொட்டுகிறதா என்று நடந்து பார்க்காவிட்டால், குழாயை நம்பிச் செடியை இழப்பீர்கள்.

ஆறாம் படி: எதை வளர்ப்பது, எதை விடுவது

வெண்டை, கொத்தவரை, காராமணி, கத்தரி, மிளகாய், பாகல், பீர்க்கு, சுரை, தண்டுக்கீரை, பசலைக்கொடி ஆகியவை நம் கோடையை ஏற்றுக்கொள்ளும். கொடிகளைத் தையிலோ மாசியிலோ ஊன்றிவிட்டால், கத்திரிக்குள் பந்தல் ஏறித் தம் வேருக்குத் தாமே நிழல் செய்துகொள்ளும். கத்தரியில் நம் அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி முள் கத்தரியை விட்டு வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. வேலூர் முள் கத்தரிக்காய் என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது இதுதான். நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய இனம் என்பதோடு, எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பில் அதன் சுவைக்கு ஈடு கிடையாது என்பதும் என் கட்சி. பறிக்கும்போது மட்டும் கையுறை வேண்டும்.

தக்காளி பற்றிப் பலரும் கேட்பதுண்டு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராமல் இருக்கும்போது மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்ந்துவிடும். இதற்கு உரம் போட்டுப் பயனில்லை. சித்திரையில் காய்க்கவில்லை என்று செடியைப் பிடுங்காமல், நிழலில் வைத்து உயிரோடு காப்பாற்றினால், வெப்பம் தணிந்ததும் மீண்டும் காய் பிடிக்கும். ஏற்கெனவே காய்த்திருப்பவற்றில் அடிப்பகுதி கறுத்து அழுகினால், பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லாததைவிட, ஈரம் ஏறியிறங்கியதால் அந்தச் சத்து காய்க்குப் போய்ச் சேராததே காரணமாக இருக்கும். கொத்தமல்லியும் கேரட்டும் ஐப்பசிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பூவில் குண்டுமல்லி கோடையில்தான் பூத்துக் குலுங்கும்.

ஏழாம் படி: மழை வருமுன், வந்தபின்

பிற்பகலில் காற்று சட்டென நின்று புழுக்கம் கூடி, தென்மேற்கில் மேகம் கோபுரம் போல உயர்ந்தால், ஒரு மணி நேரத்தில் இடிமழை வரலாம், வராமலும் போகலாம். வரும் என்று வைத்தே வேலை செய்ய வேண்டும். வலையைச் சுருட்டுங்கள், தொங்கும் தொட்டிகளையும் கைப்பிடிச் சுவரின் மேல் இருப்பவற்றையும் கீழே இறக்குங்கள், பழுக்கத் தொடங்கிய தக்காளியைப் பறித்துவிடுங்கள், ஏனென்றால் காய்ந்து கிடந்த வேர் திடீரென நீரை இழுக்கும்போது பழம் வெடித்துவிடும். பப்பாளிக்கும் குலை தள்ளிய வாழைக்கும் முட்டுக்கழி இந்த நேரத்தில் கொடுக்க முடியாது. அதைப் பங்குனியிலேயே கொடுத்திருக்க வேண்டும். முருங்கை பாரம் தாங்காமல் முறியும் மரம் என்பதால், காய்ப்பு ஓய்ந்ததும் நீண்ட கிளைகளைக் குறைத்துவிடுவது நல்லது. முதல் இடி கேட்டபின் மாடியில் நிற்கவே கூடாது. போனது செடியாக இருக்கட்டும்.

மழைக்கு மறுநாள் காலை செய்ய வேண்டியவை அதைவிட முக்கியமானவை. முதலில் தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். அது வேருக்கும் கேடு, கொசுவுக்கும் வீடு. அடுத்து விரலை விட்டுப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் மழை சத்தம் போட்டுப் பெய்தாலும் மேல்மண்ணை மட்டுமே நனைத்திருக்கும், மூடாக்கு கனமாக இருந்தால் அதைக்கூடத் தாண்டியிருக்காது. மழை பெய்ததே என்று நீரை நிறுத்தி, மூன்றாம் நாள் செடி கருகிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மாறாக, 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்திருந்தால் நிலத்துப் பாத்திக்கு இரண்டு மூன்று நாட்கள் நீர் தேவைப்படாது. நேராக நின்று மழையை வாங்கும் ஒரு பழைய டப்பாவும் அளவுகோலும் இருந்தால் எவ்வளவு பெய்தது என்று நீங்களே அளந்துகொள்ளலாம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2000 லிட்டர். தூசியும் பறவை எச்சமும் கலந்த முதல் பத்து நிமிட நீரை வெளியே விட்டு, மீதியை ஒரு டிரம்மில் பிடித்து இறுக மூடி வைத்தால், உப்புக் கழுவுவதற்கான நல்ல நீர் சில வாரங்களுக்குக் கையில் இருக்கும்.

ஆலங்கட்டி கிழித்த இலைகளை உடனே வெட்டித் தள்ள வேண்டாம். மறுநாள் வெயிலில் கிழிந்த இலையும் தண்டுக்கு நிழல்தான். முறிந்த கிளையை மட்டும் சுத்தமாக அறுத்துவிட்டு, நாற்றுத் தட்டில் அழுகல் தொடங்கியிருந்தால் லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகல் நோயைக் கட்டுப்படுத்தும் நன்மை தரும் பாக்டீரியாப் பொடி) கலந்து வேரில் ஊற்றுங்கள். மண் நன்றாக நனைந்து குளிர்ந்திருக்கும் இந்த இரண்டு நாட்கள்தான் கோடையில் மண்புழு உரம் இடச் சரியான வேளை.

எட்டாம் படி: பூச்சிகள்

வறண்ட வாரங்களில் இலையின் அடிப்புறம் பொடி தூவியதுபோல் சிவப்புச் சிலந்தியும், செம்பருத்தியிலும் பப்பாளியிலும் பஞ்சு போல மாவுப்பூச்சியும் வரும். இரண்டுக்கும் முதல் மருந்து, காலையில் குழாய் நீரை இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுவதுதான். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, சூரியன் இறங்கிய பிறகு தெளிக்க வேண்டும். வெயிலில் எண்ணெய் தெளித்தால் பூச்சிக்கு முன் இலை வெந்துவிடும்.

ஒன்பதாம் படி: வைகாசிக் கடைசியும் ஆனியும்

காலியாகக் கிடக்கும் பாத்தி இருந்தால், வெயிலை அங்கே வேலைக்கு வைக்கலாம். மண்ணைக் கொத்தி, நன்றாக நனைத்து, நிறமற்ற பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி ஓரங்களில் மண் அணைத்து நான்கு முதல் ஆறு வாரங்கள் விட்டால், அடியில் ஏறும் சூடு களை விதைகளையும் நூற்புழுவையும் பெருமளவு அழிக்கும். கத்திரிக்குள் தொடங்கினால்தான் இது பலிக்கும்.

ஆனியில் தென்மேற்குப் பருவக்காற்று காலத்து மாலை மழைகள் தொடங்கியதும், நிழல்வலையை ஒரே நாளில் எடுத்துவிடாமல், முதல் வாரம் காலை வேளைகளில் மட்டும் விலக்கிச் செடிகளைப் பழக்குங்கள். தெருவோர வேப்பமரங்களின் அடியில் பழம் கொட்டும் காலமும் இதுவே. பொறுக்கித் தோல் நீக்கிக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்தால், வரும் பட்டத்தில் 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊற வைத்து வடிகட்டித் தெளிக்கலாம். கோடை முழுவதும் காய்த்துக் களைத்த கத்தரிச் செடியைப் பிடுங்கி எறியாமல், தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவாக விட்டு வெட்டி, இரண்டு கைப்பிடி தொழு உரம் வைத்து நீர் விட்டு வாருங்கள். ஆடி பிறப்பதற்குள் அடித்தண்டிலிருந்து புதுத் துளிர் வந்திருக்கும்.